கட்டிலுக்கு விட்ட இடம்

தன் கையால் செய்தால்தான் எந்தக் காரியமும் உருப்படும் என்று நம்புகிற ஆள் மான்சிக். இப்படிப்பட்டவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. முப்பத்தோரு வருஷம் சோங்ஜு நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அடுத்த மாதமே கோசான் பக்கம் மிளகாய்த் தோட்டத்து மேட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டக் கிளம்பிவிட்டார். சுவருக்கு ஆள் வைத்தார், கூரைக்கு ஆள் வைத்தார். தரைக்கு மட்டும் ஒருத்தரையும் கிட்டே சேர்க்கவில்லை. குளிர் காலத்தில் தரை சூடாக இருக்க, அடியில் வெந்நீர் ஓடுகிற பைப்பைக் கம்பி வலை மேல் வளைத்து வளைத்து, சாணுக்கு ஒரு கட்டு போட்டு, முட்டி தேயத் தேய அவரே கட்டினார். அதன் மேல் சிமென்ட் கலவையைக் கொட்டி மட்டம் இழுத்ததும் அவர்தான்.

அப்படிக் கட்டும்போது செய்த ஒரு வேலையை மட்டும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

படுக்கையறையில் வடக்குச் சுவரோரம், இரண்டு பேர் படுக்கிற கட்டில் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்துக்குப் பைப்பே போடாமல் விட்டுவிட்டார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் சூடு எதற்கு, மரம் காய்ந்து வெடிக்கும், எரிபொருளும் தண்டம் என்று பாய்லர் கடையில் யாரோ சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார். மனைவி யேபுன் அன்றைக்கு ஊரில் இல்லை. மகள் போரமின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தேஜோனுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் கலவை வண்டி வந்து போய்விட்டது. மூடின தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்குத் தெரியும்?

சாக்கு அதுதான். காரணம் வேறு. சோங்ஜுவில் இருந்த அடுக்குமாடி வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆறு வருஷமாக ஒரே அறையில் தூங்கவில்லை. ஒரு ஜனவரி மாதம் யேபுன் கட்டிலை விட்டு இறங்கி, சின்ன அறைக்குப் போய், தரையில் பஞ்சு மெத்தையை விரித்துப் படுத்தாள். "முதுகு வலி தாங்கல. சூடான தரைதான் கேக்குது" என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்து நாலு வருஷம் ரப்பர் பூட்ஸோடு ஈரத்தில் நின்றவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் மான்சிக் அதை நம்பவில்லை. தன் மேல் அலுப்புத் தட்டித்தான் போய்விட்டாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே, மனுஷன் வாயைத் திறக்காமல் ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அதனால்தான் புது வீட்டில் படுக்கையறை ஒன்றே ஒன்று என்று வரைந்தார். அந்த ஒரு அறையில் நல்ல ஓக் மரக் கட்டில், முதுகுக்கு இதமாகக் கெட்டி மெத்தை. தரையில் சூடு இல்லாத இடத்தில் கட்டில்தானே போட முடியும் என்பது அவர் கணக்கு. இந்தத் தடவை எழுந்து போக இன்னொரு அறையே இருக்காது. போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் கூடாது. அவள் திரும்பித் தன் பக்கத்தில் வந்து படுப்பாளா மாட்டாளா என்பதைத் தவிர அந்த வீட்டைப் பற்றி அவருக்கு வேறு கவலையே கிடையாது.

சிமென்ட் கொட்டிப் பத்து நாள் ஆனதும், அதன் மேல் என்ன தரை போடலாம் என்று பார்க்க இருவரும் டவுனுக்குப் போனார்கள்.

தரை வாங்குவது என்றால் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பியோ அம்மா கடைதான். அறுபதைத் தாண்டிய மனுஷி. ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னறையில் தரைக்கடியில் நிஜமாகவே வெந்நீர் ஓட விட்டு, மேலே ஆள் படுக்கிற அளவுக்கு மூன்று விதமான தரை போட்டு வைத்திருப்பார். ஒன்று பளபளக்கிற டைல்ஸ், ஒன்று தடித்த மரப்பலகை, ஒன்று அடுக்கடுக்காகக் காகிதம் ஒட்டி மேலே எண்ணெய் தேய்த்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்க வேண்டும். படுக்காதவர்களுக்கு விலை சொல்ல மாட்டார்.

"படுங்க டிரைவர் அண்ணே."

"நான் என்ன நோயாளியா? கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. பார்த்தாப் போதாதா?"

"கண்ணால பார்த்து வாங்கிட்டுப் போனவங்கதான் அடுத்த குளிருக்கு வந்து என் குரல்வளையப் புடிக்கிறாங்க. தரையை முதுகுதான் பார்க்கணும். படுங்கன்னா படுங்க. அக்கா, நீங்களும் வாங்க. வெக்கப்படாதீங்க, ஜில்லாவே இங்க படுத்து எந்திரிச்சிருக்கு."

மான்சிக் முனகிக்கொண்டே டைல்ஸில் படுத்தார். பியோ அம்மா அவர் தலைமாட்டில் நின்று பாடம் நடத்தினார். "இது சூடேற அரை நாள் ஆகும். ஏறிட்டா லேசுல இறங்காது. ஆனா கை தவறி விழுற டம்ளர் ஒண்ணு கூடப் பொழைக்காது, சொல்லிப்புட்டேன்."

அடுத்து மரப்பலகைக்கு மாறினார். அது அவருக்கு உடனே பிடித்துவிட்டது. காலுக்கு வழவழப்பு, கண்ணுக்கு அழகு. மேலே ஒரு கட்டில் போட்டால் எப்படி இருக்கும் என்று படுத்தபடியே நினைத்துப் பார்த்தார்.

"மரம் ஜோராத்தான் இருக்கும்" என்றார் பியோ அம்மா. "என்ன, வர்ற சூட்டுல பாதியை அதுவே தின்னுடும். உங்க முதுகுக்கு மிச்சம் மீதிதான். மெத்தையை எடுக்காம நாள் பூரா விரிச்சே வச்சீங்கன்னா அடியில கறுத்துப்போயி பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுடும்."

"நாங்க மெத்தை விரிக்கப் போறதில்லையே" என்றார் மான்சிக். "ஏன் போரம் அம்மா, இந்த மரம் எப்படி?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். யேபுன் காகிதத் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை இரண்டும் வயிற்றின் மேல். நல்ல தூக்கம்.

எழுப்பப் போனவரின் கையைப் பியோ அம்மா தட்டிவிட்டார். ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் கால் மேல் போட்டார். "விடுங்க. வேன்ல ஏறி இறங்குன அலுப்பு இல்ல இது. எத்தனையோ வருஷத்து அலுப்பு" என்று காதோடு சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மான்சிக் மரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெண்டாட்டி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழித்திருக்கும்போது அவள் நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம் இருக்கும். அது இப்போது இல்லை. காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது? இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? யார் யாரோ வந்து படுத்துப் போகிற கடையில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறவள், தன் பக்கத்தில் மட்டும் தூங்க மாட்டேன் என்கிறாளே என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் பதறிக்கொண்டு எழுந்தாள். "அய்யோ, தூங்கிட்டேனா? தட்டி எழுப்பக்கூடாதா போரம் அப்பா? மானமே போச்சு!"

"மானம் எங்கயும் போகல. தரை வித்துப் போச்சு" என்றபடி பியோ அம்மா உள்ளே வந்தார். "படுக்கையறைக்கு இந்தக் காகிதம்தானே?"

"இதுதான்" என்றாள் யேபுன்.

"மரம்" என்றார் மான்சிக்.

பியோ அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ரூம்ல கட்டில் வருதா? கட்டில் காலு காகிதத்துக்கு ஆகாது, குத்திக் கிழிச்சிடும்."

"வருது."

"வரல."

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பியோ அம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். "நல்ல கூத்துடா சாமி. சுவரு எழுப்பி, கூரையும் போட்டு, இன்னும் எதுல படுக்கிறதுன்னு பேசலையா நீங்க? போங்க, போயிப் பேசி முடிங்க. பாய்லரைப் பத்த வச்சு இளஞ்சூட்டுல தரையைக் காய விடுங்க. பத்து நாள்ல நானே வந்து ஈரம் பார்க்கிறேன். ஆமா, பைப்பு ரூம் பூராவும் ஓடுதுல்ல? காகிதத்துக்கு ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிருன்னா ஆகாது."

"ஓடுது" என்றார் மான்சிக். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொய்யைச் சொல்லித் தாண்டினார்.

வேனில் திரும்பும்போது யேபுன்தான் பேச்செடுத்தாள். "கட்டில் கட்டில்னு ஏன் இப்படி ஒத்தக்கால்ல நிக்கிறீங்க?"

"வயசாகுதுல்ல? தினம் கீழ குந்தி எந்திரிக்க முட்டி ஒத்துழைக்குமா?"

"ஒரு மாசமா முட்டி போட்டுத்தானே பைப்பு கட்டினீங்க? அப்ப எல்லாம் ஒத்துழைச்சுதே."

அறுவடை முடிந்த மிளகாய்ச் செடிகள் வேலியோரம் காய்ந்து நின்றன. கொஞ்ச தூரம் போன பிறகு யேபுன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, நீங்க கட்டில்ல படுத்துக்கங்க. நான் பக்கத்துல கீழ விரிச்சுக்கிறேன்" என்றாள். நீங்க, நான். அந்த இரண்டு வார்த்தைகளும் அவரை அறைந்தன.

மறுநாள் புது வீட்டுப் பாய்லரைப் பற்ற வைத்தார். முதல் இரண்டு நாள் வீடெல்லாம் ஈரச் சிமென்ட் வாசனை. மூன்றாம் நாள் பைப் ஓடுகிற வழியெல்லாம் வரிவரியாக வெளுத்தது. ஐந்தாம் நாள் வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தரை முழுக்கச் சாம்பல் வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. படுக்கையறைக்குப் போன மான்சிக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சூடு போன இடமெல்லாம் வெளுத்திருந்தது. சூடு போகாத இடம் மட்டும் கறுப்பாக, ஓரம் பிசகாமல், அளவெடுத்து வெட்டியதுபோல நீள்சதுரமாக நின்றது.

அட கடவுளே! இதை அவர் யோசிக்கவே இல்லை. அத்தனை கணக்குப் போட்டவர், ஈரம் காட்டிக்கொடுக்கும் என்று கணக்குப் போடவில்லை. மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். போதவில்லை. சோங்ஜு வீட்டுக்குப் போய் யேபுனின் முடி உலர்த்துகிற கருவியைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்து, கறுப்பு இடத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு முழுப் பகலும் அங்குலம் அங்குலமாக ஊதினார். ஒரு உள்ளங்கை அளவு வெளுத்தது. மறுநாள் காலையில் அதுவும் கறுத்துவிட்டது. கடைசியில் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகளைப் பிரித்து அதன் மேல் பரப்பி, அதன் மேல் ஏணி, சிமென்ட் பை, கருவிப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார். சொல்லிவிடலாம் என்று தினமும் இரண்டு தடவை நினைத்தார். இரண்டு தடவையும் நாக்கு எழவில்லை.

சொன்னபடி பத்தாம் நாள் காலை பியோ அம்மா வந்துவிட்டார். யேபுனும் அன்றைக்கு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பார்லித் தேநீரும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பியோ அம்மா காலுறையோடு கூடத்தில் நடந்தார், சமையலறையில் நடந்தார். இரண்டையும் அளந்தார். நல்ல வேலை என்று மெச்சினார். பிறகு படுக்கையறைக்கு வந்தார்.

"அந்த அட்டையை எடுங்க அண்ணே."

"சாமானெல்லாம் இருக்குதே அது மேல."

"சாமானை எடுத்துட்டு அட்டையை எடுங்க."

"அந்த இடமும் மத்த இடம் மாதிரிதான். கனத்தை எதுக்கு வீணா..."

பியோ அம்மா அதற்குள் குனிந்து அட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஏணி சரிந்தது. பாதி அட்டை விலகியதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயையோ! யாரை அண்ணே இங்க பொதைச்சு வச்சிருக்கீங்க?"

யேபுன் கிழங்குத் தட்டைக் கீழே வைத்தாள். மிச்ச அட்டையையும் விலக்கினாள். முழங்காலிட்டு ஒரு உள்ளங்கையைக் கறுப்பிலும் மறு உள்ளங்கையை வெளுப்பிலும் வைத்தாள். அப்படியே நகர்ந்து நகர்ந்து அந்த ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அவள் கத்தினால் தேவலை என்று மான்சிக்குக்கு இருந்தது.

"இங்க பைப்பு போடலையா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா, தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நான் தேஜோனுக்குப் போயிருந்த அன்னிக்கா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பியோ அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் போயி சமையலறையை அளந்துட்டு வந்துடறேன்" என்று நழுவினார். அதை அளந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

யேபுன் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "இருபத்து நாலு வருஷம் ஈரத்துல நின்னேன். இந்த வீட்டுல நான் என்ன கேட்டேன் உங்ககிட்ட? பெரிய ஜன்னல் கேட்டேனா, பளிங்கு மேடை கேட்டேனா? படுக்க ஒரு சூடான தரை, அவ்வளவுதான். அதுலயும் எனக்குத் தெரியாம உங்களுக்குன்னு தனியா இடம் ஒதுக்கி வச்சிருக்கீங்க. தனிக் கட்டில், தனி இடம். என்கூட ஒரே தரையில படுக்க உங்களுக்கு அவ்வளவு கசக்குதா?"

மான்சிக்குக்கு முதலில் விளங்கவே இல்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். இப்படித் திட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. "தனியாவா? எனக்கா?" என்றார். "அளவைப் பாரு. ஒத்தை ஆள் கட்டிலா அது? ரெண்டு பேருக்குள்ளது. உனக்கும் சேர்த்துத்தான் விட்டேன். நீ வரணும்னுதான்."

"எங்க வரணும்?"

"திரும்பி வரணும்னு. நீ என்னை விட்டுட்டுப் போனதுலேர்ந்து எனக்கு ஒழுங்கா ஒரு தூக்கம் இல்ல. நல்ல கட்டிலாப் போட்டா வந்துடுவேன்னு நெனச்சேன்."

"நான் எப்ப உங்கள விட்டுட்டுப் போனேன்?"

"சின்ன ரூமுக்குப் போனியே."

"முதுகு வலின்னு சொல்லிட்டுத்தானே போனேன்!"

"சும்மா சாக்குச் சொல்றேன்னு நெனச்சேன்."

யேபுன் அவரை ஒரு கணம் அப்படியே பார்த்தாள். பைத்தியக்காரனைப் பார்க்கிற பார்வைதான், ஆனால் கண் நிறைந்துவிட்டது. "முதுகு வலின்னா முதுகு வலிதான். அதுக்குள்ள வேற என்ன இருக்கு? நான் விரிச்சது ரெண்டு பேர் மெத்தை. ரெண்டு தலையணை போட்டேன். கதவைச் சாத்தவே இல்ல. இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பார்த்தேன். ஒரு வருஷம் பார்த்தேன். மனுஷனுக்குக் கட்டில் சுகம்தான் பெருசு போல, கெடக்கட்டும்னு அப்புறம்தான் அந்தத் தலையணையை எடுத்து உள்ள வச்சேன்."

அந்தத் தலையணையை மான்சிக் பார்த்திருக்கிறார். கழிப்பறைக்குப் போகிற வழியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். காலுக்கு அண்டக் கொடுக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். கதவு திறந்திருந்ததையும் பார்த்திருக்கிறார். காற்றுக்கு என்று நினைத்தார். அவருடைய கட்டிலிலிருந்து அந்தக் கதவு பத்தடி இருக்குமா? பத்தடி. ஆறு வருஷம். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்து மூன்று வயது ஆள், சிமென்ட் கறை படிந்த கால்சட்டையோடு, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

யேபுன் அவரை அழ விட்டாள். பிறகு தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும், எந்திரிங்க. சுத்தியல் எங்க?" என்றாள்.

அளக்க ஒன்றுமில்லாத சமையலறையில் இவ்வளவு நேரம் நின்று பியோ அம்மாவுக்குக் கால் கடுத்துவிட்டது போலும், சுத்தியல் என்ற சொல் காதில் விழுந்ததும் வந்துவிட்டார். "உடைக்கிறதுன்னா ஒழுங்கா உடைங்க. பழைய பைப்புல ஒட்டுப் போடாதீங்க. தரைக்கடியில ஒட்டு இருந்தா என்னிக்காவது ஒழுகும். பாய்லர் ரூம்லேர்ந்து தனியா ஒரு சுத்து பைப்பு இழுங்க. அந்த இடம் காய ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் ரூம்ல காகிதம் ஒட்டக் கூடாது. ஒட்டினா பூஞ்சை பிடிச்சிடும், அப்புறம் என்கிட்ட வரக் கூடாது."

"இந்த மாசக் கடைசிக்குள்ள சோங்ஜு வீட்டைக் காலி பண்ணணுமே" என்றார் மான்சிக்.

"பண்ணிடுவோம்" என்றாள் யேபுன். "இங்கதான் படுக்கப் போறோம். காகிதம் இல்லாட்டி என்ன? சூடு இருக்குல்ல."

"அப்ப காகிதம்னு எழுதிக்கட்டுமா?" என்று பியோ அம்மா மான்சிக்கைப் பார்த்துக் கேட்டார்.

"எழுதிக்கங்க. ரூம் பூராவும்" என்றார் மான்சிக். கூடத்துக்கு அவர் ஆசைப்பட்ட மரத்தையே போடச் சொன்னாள் யேபுன். பியோ அம்மா இரண்டையும் எழுதிக்கொண்டு, கிழங்கில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துத் தின்றுகொண்டே வண்டியேறினார்.

உடைத்து முடிக்க மூன்று நாள் ஆனது. மான்சிக் உடைக்க உடைக்க, கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் ஊறப் போடுகிற பெரிய ரப்பர் தொட்டியில் யேபுன் சில்லுகளை அள்ளி, இழுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். கனத்தைத் தூக்காதே என்று அவர் சத்தம் போட்டார். தூக்கவில்லை, இழுக்கிறேன் என்று அவள் பதிலுக்குச் சத்தம் போட்டாள். புதுப் பைப் வந்ததும் எதிரும் புதிருமாகக் குந்தி இருவரும் கட்டினார்கள்.

"சாணுக்கு ஒரு கட்டுன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்க. இது ஒன்றரைச் சாண் இருக்கே?"

"உன் சாண் சின்னது."

"என் முதுகுக்கு என் சாண்தான் கணக்கு. அவுத்துக் கட்டுங்க."

அவிழ்த்துக் கட்டினார். நான்காம் நாள் முற்பகலில் கலவை கொட்டி, மட்டம் இழுத்து முடித்தார்கள். வடக்குப் பக்கம் முழுக்க ஈரம். பாய்லர் அறையிலிருந்து பைப் கொண்டுவர வெட்டி மூடின வாய்க்கால் கதவோரம், அங்கேயும் ஈரம். சோங்ஜுவிலிருந்து வந்த பெட்டிகள் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு விட்டன. மிஞ்சியது ஜன்னலோரம் ஒரு மெத்தை அகலம்தான். அங்கே மட்டும் தரை நன்றாகக் காய்ந்து, கால் வைத்தால் சுகமாகச் சுட்டது.

சாப்பிட்டுவிட்டு யேபுன் அங்கே அட்டையைப் பரப்பி அதன் மேல் மெத்தையை விரித்தாள். வெயில் ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்திருந்தது. அவள் படுத்தாள். மான்சிக் வாசலில் நின்றார்.

"என்ன அங்கயே நிக்கிறீங்க?"

"துணியெல்லாம் சிமென்ட்டு."

"தரையும்தான் சிமென்ட்டு. வாங்க."

வந்தார். மெத்தையின் விளிம்பில், அவள் மேல் பட்டுவிடாமல், விறைப்பாகப் படுத்தார். அடியிலிருந்து சூடு மெல்ல ஏறி முதுகுக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தார். நெற்றியில் அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது.

"போரம் அம்மா."

"ம்."

"முதுகு இப்ப எப்படி இருக்கு?"

அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். "வலிக்குது" என்றாள். "மூணு நாளா நல்ல வலி."

"எந்த இடத்துல?"

அவள் மெல்ல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, பின்னால் கையை வளைத்து, இடுப்புக்கு மேலே ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். மான்சிக் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தார். அவள் தூங்கும்வரை கையை எடுக்கவில்லை.